'நோ மாட்யூல் நேம்ட்' வந்தால் எங்கே பார்ப்பது? பைத்தான் இணையச் செயலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சாப்பாட்டுக் கடை, டியூஷன் நிலையம், கோயில் நிர்வாகம் என்று சின்னச் சின்ன இடங்களுக்கு ஜாங்கோவிலோ ஃப்ளாஸ்கிலோ (இரண்டும் பைத்தான் இணையச் சட்டகங்கள்) இயங்கலைச் செயலி எழுதித் தருவோருக்காக இந்தப் பக்கம். 'நோ மாட்யூல் நேம்ட்' என்பது 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்' என்ற பிழையின் செய்தி: நிரல் இம்போர்ட் செய்யக் கேட்ட மாட்யூல், அதாவது வேறொரு பைத்தான் கோப்போ தொகுப்போ, கிடைக்கவில்லை. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். உதாரணமாக எடுத்திருப்பது ஒரு முன்பதிவுச் செயலி. அதன் கோப்புறை 'தெம்பாஹான்', ரசீது அடிக்கும் கோப்பு 'ரெசிட்.பை'. இங்கே பலரும் மலாயில் பெயர் வைப்பதுதான் வழக்கம். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது, பின்னால் வரும்.

'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்' வந்ததும், தொகுப்பு நிறுவும் கருவியான பிப்பை எடுத்து 'பிப் இன்ஸ்டால்' கொடுத்துவிடலாமா?

வேண்டாம். அந்தப் பிழை 'இது உலகத்திலேயே இல்லை' என்று சொல்லவில்லை. 'எனக்குத் தெரிந்த இடங்களில் தேடினேன், கிடைக்கவில்லை' என்றுதான் சொல்கிறது. அதனால் முதலில் இரண்டு விஷயம் தெரியவேண்டும்: தேடியது எந்தப் பைத்தான், தேடிய இடங்கள் எவை. இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான பதில்கள் இந்த இரண்டில்தான் போய் முடியும்.

டிரேஸ்பேக்கின் (பைத்தான் அச்சிடும் பிழை விவரம்) கடைசி வரியில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயரைப் பாருங்கள். அது நீங்கள் எழுதிய கோப்பின் பெயரா, வெளியிலிருந்து நிறுவிய தொகுப்பா, பைத்தானோடு கூடவே வருவதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பிறகு அதற்கு மேல் வரியில், எந்தக் கோப்பு அதைக் கேட்டது என்று பாருங்கள். கேட்டது உங்கள் கோப்பு இல்லை, சைட்-பேக்கேஜஸுக்குள் (நிறுவிய தொகுப்புகள் போய்ச் சேரும் கோப்புறை) இருக்கும் வேறொரு தொகுப்பு என்றால், கோளாறு பெரும்பாலும் பதிப்புப் பொருத்தத்தில் இருக்கும்.

இந்தப் பிழைவகை பைத்தான் 3.6இல் வந்தது. அது இம்போர்ட்எரரின் பிள்ளை. தாய்ப் பிழையான இம்போர்ட்எரர் மட்டும் வந்தால் பெரும்பாலும் மாட்யூல் கிடைத்துவிட்டது, அதற்குள் நீங்கள் கேட்ட பெயர்தான் இல்லை என்று பொருள். அது தனிக் கதை, கீழே பார்ப்போம்.

பிப் 'ஏற்கெனவே இருக்கிறது' என்கிறது, செயலி 'இல்லை' என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும். பிப் ஒரு பைத்தானுக்கு நிறுவியிருக்கிறது, செயலி வேறொரு பைத்தானில் ஓடுகிறது. ஒரே சர்வரில் உபுண்டுவின் சொந்தப் பைத்தான் ஒன்று, நீங்கள் அமைத்த மெய்நிகர் சூழல் (வென்வ்: ஒரு செயலிக்கென்று தனியே வைக்கும் பைத்தானும் தொகுப்புகளும்) ஒன்று, முன்பு யாரோ முயன்று பார்த்துவிட்டுப் போன இன்னொன்று என்று மூன்று நான்கு இருப்பது சாதாரணம்.

'பிப் --வெர்ஷன்' என்று கேட்டால் அது எந்தக் கோப்புறையில் குடியிருக்கிறது, எந்தப் பைத்தான் பதிப்புக்கு வேலை செய்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். செயலியின் பக்கம் கேட்க, பிழை வரும் இம்போர்ட் வரிக்கு மேலே 'சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்', 'சிஸ்.பிரிஃபிக்ஸ்', 'சிஸ்.பாத்' மூன்றையும் பிரிண்ட் செய்து லாகில் பாருங்கள். இதை டெர்மினலில் தனியாக ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பிழை வரும் அதே சர்வர் செயல்முறைதான் பதில் சொல்லவேண்டும். டெர்மினலில் இருப்பது நீங்கள். இணையச் செயலியை ஓட்டுவது வேறொருவர்.

இனிமேல் வெறும் 'பிப்' என்று தட்டுவதை விட்டுவிட்டு '.வென்வ்/பின்/பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று முழுதாகத் தட்டப் பழகுங்கள். எந்தப் பைத்தானைக் கூப்பிட்டீர்களோ அதற்குத்தான் நிறுவும். குழப்பத்துக்கு இடமே இல்லை.

ஒரு விசித்திரமான வகையும் உண்டு. சோதனைக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து நேரடித் தளமாக ஆக்கியிருப்பீர்கள். நகலுக்குள் இருக்கும் பிப் கோப்பின் முதல் வரியில் பழைய கோப்புறையின் முழுப் பாதை எழுதியிருக்கும். ஆகவே நகலில் பிப்பை ஓட்டினாலும் பழைய இடத்தில்தான் நிறுவிக்கொண்டிருக்கும், 'வெற்றி' என்றும் சொல்லும். மெய்நிகர் சூழலை நகலெடுக்காதீர்கள், பெயர் மாற்றாதீர்கள், கிட்டில் (நிரலின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கருவி) ஏற்றாதீர்கள். அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

'நோ மாட்யூல் நேம்ட் யாமல்' என்று வந்தது. 'யாமல்' என்றே நிறுவலாமா?

நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. யாமலுக்கு நிறுவவேண்டியது பைய்யாமல். பிஐஎல்லுக்குப் பில்லோ. பிஎஸ்4க்குப் பியூட்டிஃபுல்சூப்4. சிவி2வுக்கு ஓப்பன்சிவி-பைத்தான். டாட்என்வ்வுக்குப் பைத்தான்-டாட்என்வ். எஸ்கேலேர்னுக்கு சைகிட்-லேர்ன். மைஎஸ்கியூஎல்டிபிக்கு மைஎஸ்கியூஎல்கிளையன்ட். ஜாங்கோ எழுதுவோர் அதிகம் இடறுவது இரண்டில்: 'ரெஸ்ட்_ஃப்ரேம்வொர்க்' கேட்டால் ஜாங்கோரெஸ்ட்ஃப்ரேம்வொர்க், 'கார்ஸ்ஹெடர்ஸ்' கேட்டால் ஜாங்கோ-கார்ஸ்-ஹெடர்ஸ்.

ஜேடபிள்யூடி இன்னும் மோசம். வேண்டியது பைஜேடபிள்யூடி. ஆனால் ஜேடபிள்யூடி என்ற பெயரிலேயே வேறொரு தொகுப்பும் பைபிஐயில் (பிப் தொகுப்புகளை எடுக்கும் இணையக் கிடங்கு) இருக்கிறது, இரண்டும் ஒரே இம்போர்ட் பெயரைப் பயன்படுத்துகின்றன. தவறானதை நிறுவினால் மாட்யூல் பிழை மறைந்துவிடும், அதற்குப் பதில் 'என்கோட் என்று ஒன்றும் இல்லை' என்று அட்ரிபியூட்எரர் வரும். இரண்டையும் நீக்கிவிட்டுப் பைஜேடபிள்யூடியை மட்டும் மறுபடி நிறுவுங்கள்.

பிழையில் வந்த பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு நிறுவுவதில் பாதுகாப்பு ஆபத்தும் உண்டு. பிரபலத் தொகுப்புகளின் பெயரில் ஓரெழுத்தை மாற்றித் திருட்டு நிரலை ஏற்றி வைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பைபிஐ பக்கத்தில் திட்ட முகவரி, வெளியீட்டு வரலாறு இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுவுங்கள். செயற்கை நுண்ணறிவு அரட்டை சொன்ன பெயரென்றால் இரண்டு முறை பாருங்கள்.

என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் 'லிப்' கோப்புறையையே காணோம் என்கிறது.

உங்கள் கோப்புறைக்கு 'லிப்' என்று பெயர் வைத்திருந்தால் காரணம் கிட்இக்னோர் கோப்பு (கிட் எதையெல்லாம் விட்டுவிடவேண்டும் என்ற பட்டியல்). கிட்ஹப் தரும் பைத்தான் வார்ப்பு கிட்இக்னோரில் 'லிப்/', 'பில்ட்/', 'டிஸ்ட்/', 'டவுன்லோட்ஸ்/', 'பார்ட்ஸ்/', 'வார்/' எல்லாம் முதலிலேயே இருக்கும். அந்தப் பெயரில் நீங்கள் எழுதிய கோப்புறை உங்கள் கணினியில் பத்திரமாக இருக்கும், சர்வருக்கு ஒருநாளும் போய்ச் சேராது, கிட்டும் வாய் திறக்காது. 'கிட் செக்-இக்னோர் -வி' என்று எழுதி அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்தால், எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி அதைத் தடுத்தது என்று காட்டும்.

எழுத்தளவு இன்னொரு கண்ணி. 'பெரிய எழுத்து, சின்ன எழுத்து விண்டோஸில் பரவாயில்லை, லினக்ஸில்தான் தகராறு' என்று பொதுவாகச் சொல்வார்கள். பைத்தான் விஷயத்தில் அது முழு உண்மை இல்லை. விண்டோஸிலும் பைத்தான் இம்போர்ட் பெயரின் எழுத்தளவைச் சரிபார்க்கத்தான் செய்கிறது. நடப்பது வேறு. கோப்பின் பெயர் முதலில் பெரிய ஆர் எழுத்தில் தொடங்கியிருக்கும். பிறகு சின்ன எழுத்துக்கு மாற்றியிருப்பீர்கள். விண்டோஸிலும் மேக்கிலும் கிட் அந்த மாற்றத்தை மாற்றமாகவே எண்ணாமல் விட்டுவிடும். சர்வருக்குப் பழைய பெயர் போகும். 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' என்று கேட்டு கிட்டின் கணக்கில் உள்ள பெயரைப் பாருங்கள். தவறென்றால் 'கிட் எம்வி' கொண்டு மாற்றுங்கள்.

மூன்றாவது, கூட வந்த விருந்தாளியை வீட்டுக்காரன் என்று நம்பியிருப்பது. ஜாங்கோ 3.2ஐ நிறுவினால் பைடிஇசட்டும் (நேரமண்டலத் தொகுப்பு) சேர்ந்தே வரும். உங்கள் நிரலில் அதை நேரடியாக இம்போர்ட் செய்திருப்பீர்கள், ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் (செயலிக்கு வேண்டிய தொகுப்புகளின் பட்டியல்) எழுதியிருக்கமாட்டீர்கள். ஜாங்கோ 4.0 பைடிஇசட்டை உடன் கூட்டி வருவதில்லை. லேப்டாப்பில் பழையது ஒட்டிக்கொண்டிருப்பதால் ஓடும், புது சர்வரில் விழும். உங்கள் நிரல் எதையெல்லாம் நேரடியாக இம்போர்ட் செய்கிறதோ அதெல்லாம் உங்கள் கோப்பில் பதிப்பு எண்ணோடு இருக்கவேண்டும்.

டெர்மினலில் ஓடுகிறது, சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைப்பது) மூலம் தொடங்கினால் உலாவியில் 502 பிழை மட்டும்தான்.

502 என்ஜின்எக்ஸ் (உலாவிக்கும் செயலிக்கும் நடுவில் நிற்கும் இணைய சர்வர்) சொல்வது. பின்னால் இருந்து உங்கள் செயலியை ஓட்டும் குனிகார்ன் எழவே இல்லை. 'ஜர்னல்சிடிஎல் -யு' என்று எழுதிச் சேவையின் பெயரைக் கொடுங்கள். 'வொர்க்கர் ஃபெயில்ட் டு பூட்' என்ற வரி கண்ணில் படும். அதில் நிற்காதீர்கள், உண்மையான டிரேஸ்பேக் அதற்கு மேலே இருக்கும்.

காணாமல் போனது வெளித் தொகுப்பு என்றால் சிஸ்டம்டி சேவைக் கோப்பின் 'எக்ஸெக்ஸ்டார்ட்' வரியைப் பாருங்கள். அங்கே '/யூஎஸ்ஆர்/பின்/குனிகார்ன்' என்றிருந்தால் உபுண்டுவின் பைத்தான்தான் ஓடுகிறது. உங்கள் சூழலில் நிறுவிய எதுவும் அதற்குத் தெரியாது. குனிகார்னையும் சூழலுக்குள்ளேயே நிறுவி, '.வென்வ்/பின்/குனிகார்ன்' வரைக்குமான முழுப் பாதையை எழுதுங்கள். 'ஆக்டிவேட்' செய்யும் வரியை எங்கே சேர்ப்பது என்று பலர் கேட்கிறார்கள். தேவையே இல்லை. ஆக்டிவேட் முக்கியமாகச் செய்வது பாதைப் பட்டியலின் முன்னால் ஒரு கோப்புறையைச் சேர்ப்பதுதான். முழுப் பாதையைக் கொடுத்துவிட்டால் அதே விளைவு.

காணாமல் போனது உங்கள் சொந்த 'தெம்பாஹான்' என்றால் 'வொர்க்கிங்டைரக்டரி' வரி விடுபட்டிருக்கும். அந்த வரி இல்லாத சேவை வேர்க் கோப்புறையிலிருந்து தொடங்கும், குனிகார்ன் அங்கே போய்த் தேடும். 'மேனேஜ்.பை' இருக்கும் கோப்புறையைக் கொடுங்கள். பேஷ்ஆர்சியில் (டெர்மினல் தொடங்கும்போது படிக்கப்படும் கோப்பு) எழுதி வைத்த பைத்தான்பாத் போன்ற மாறிகளைச் சிஸ்டம்டி படிக்காது என்பதும் நினைவிருக்கட்டும். சேவைக் கோப்பைத் திருத்தியபின் 'டீமன்-ரீலோட்', அதன்பிறகு 'ரீஸ்டார்ட்'. முதலாவதை மறந்தால் பழைய வரிகளோடுதான் மீண்டும் எழும்.

பகிர்வு ஹோஸ்டிங்கில் சீபேனல் என்ற நிர்வாகப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே?

'செட்டப் பைத்தான் ஆப்' பக்கத்தின் மேலே அந்தச் செயலிக்குரிய சூழலுக்குள் நுழைய ஒரு நீளமான கட்டளை இருக்கும். அதை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டி, பிறகு நிறுவுங்கள். அந்தப் பாதையில் பைத்தான் பதிப்பு எண்ணும் சேர்ந்திருக்கும். ஆகவே பக்கத்தில் பதிப்பை 3.9இலிருந்து 3.11க்கு மாற்றினால் கிடைப்பது காலியான புது வீடு; சாமான்களை மறுபடி ஏற்றவேண்டும். முடிந்ததும் ரீஸ்டார்ட் பொத்தான். டிரேஸ்பேக் பெரும்பாலும் செயலிக் கோப்புறையில் உள்ள எஸ்டிடிஎர்ர் லாகில் கிடைக்கும்.

சர்வரை உபுண்டு 22.04இலிருந்து 24.04க்கு ஏற்றினேன். எல்லா மாட்யூலும் ஒரே நேரத்தில் காணாமல் போய்விட்டன.

எதுவும் அழியவில்லை. 22.04இன் பைத்தான் 3.10, 24.04இன் பைத்தான் 3.12. உங்கள் சூழலுக்குள் இருக்கும் பைத்தான் உண்மையில் '/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3'ஐக் காட்டும் ஒரு சுட்டி. தரமேற்றத்துக்குப் பின் அது 3.12ஐக் காட்டுகிறது. 3.12 தனக்கென்று 'லிப்/பைத்தான்3.12' என்ற கோப்புறையைத் தேடும். உங்கள் தொகுப்புகளோ பக்கத்தில் 'லிப்/பைத்தான்3.10'இல் தூங்கிக்கொண்டிருக்கும். அதைப் பெயர் மாற்றிச் சரிக்கட்டலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள்: சி மொழிப் பகுதி உள்ள தொகுப்புகள் பல 3.10க்கென்றே கட்டப்பட்டவை, பாதியில் விழும்.

செய்யவேண்டியது: 'ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3.12-வென்வ்', பழைய .வென்வ் கோப்புறையை ஓரமாக நகர்த்துவது, 'பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்', அதன்பின் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பிலிருந்து மறுநிறுவல். சூழலுக்கு வெளியே பிப்பை ஓட்டினால் 'எக்ஸ்டர்னலி-மேனேஜ்ட்-என்விரான்மென்ட்' என்று மறுக்கும். அந்தப் பிழையின் அடியிலேயே 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்றொரு வழியும் எழுதியிருக்கும். பெயரே எச்சரிக்கை, அந்த வழி வேண்டாம்.

இதோடு தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. டிஸ்ட்யூட்டில்ஸ், ஐஎம்பி ஆகிய இரண்டும் 3.12இல் பைத்தானிலிருந்தே நீக்கப்பட்டன, 3.13இல் சிஜிஐயும் போனது. இவற்றைக் கேட்பது பழைய தொகுப்பு என்றால் அதன் புதுப் பதிப்பைத் தேடுங்கள். 'பிகேஜி_ரிசோர்ஸஸ்' இல்லை என்று வந்தால், 3.12 முதல் புதுச் சூழலில் செட்டப்டூல்ஸ் தானாக நிறுவப்படுவதில்லை என்பதுதான் காரணம். தற்காலிகத் தீர்வாக செட்டப்டூல்ஸின் 81க்குக் குறைந்த பதிப்பை நிறுவலாம்.

'ஈமெயில் இஸ் நாட் எ பேக்கேஜ்' என்கிறது. ஈமெயில் பைத்தானோடு வருவதுதானே?

வருவதுதான். ஆனால் நன்கொடை ரசீதை மின்னஞ்சலில் அனுப்ப நீங்கள் ஒரு 'ஈமெயில்.பை' எழுதியிருப்பீர்கள். உங்கள் கோப்புறை தேடல் பட்டியலில் முதலில் வருவதால், பைத்தானின் ஈமெயில் தொகுப்பை உங்கள் கோப்பு மறைத்துவிட்டது. 'இஸ் நாட் எ பேக்கேஜ்' என்ற வாலைப் பார்த்தாலே இதைச் சந்தேகியுங்கள். 'பிரிண்ட்' செய்து அந்த மாட்யூலின் '__ஃபைல்__' மதிப்பைப் பார்த்தால் எந்தக் கோப்பு மாட்டியது என்று தெரிந்துவிடும்.

வரிசை எண் தரும் செயலியில் 'கியூ.பை', தள்ளுபடிக் குறியீட்டுக்கு 'கோட்.பை', டோக்கனுக்கு 'டோக்கன்.பை' எல்லாமே பைத்தானின் சொந்த மாட்யூல்களோடு மோதும் பெயர்கள். மலாய்ப் பெயரின் நன்மை இங்கேதான்: 'கிலிரான்.பை', 'கோட்_டிஸ்காவுன்' என்று வைத்தால் மோத ஆளில்லை.

எனக்கு 'ஏஷியா/கோலா_லம்பூர்' நேரமண்டலத்தில் பிழை வருகிறது; மேலே 'டிஇசட்டேட்டா' இல்லை என்கிறது.

நேரமண்டலங்களைக் கையாளும் ஸோன்இன்ஃபோ மாட்யூல் பைத்தான் 3.9 முதல் உள்ளேயே வருகிறது. ஆனால் நேரமண்டலத் தரவை அது கொண்டு வருவதில்லை, இயங்குதளத்திடம் கேட்கும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும், விண்டோஸில் இல்லை. அப்போது டிஇசட்டேட்டா என்ற தொகுப்பைத் தேடும். விண்டோஸில் ஜாங்கோ அதைத் தானே நிறுவிவிடும், ஃப்ளாஸ்க் நிறுவாது. 'பிப் இன்ஸ்டால் டிஇசட்டேட்டா' போதும். இதற்குப் பதிலாக எட்டு மணி நேரத்தைக் கையால் கூட்டிக்கொள்வோர் உண்டு. 1982க்கு முந்தைய பிறந்த நேரத்தை வாங்கும் ஜாதகச் செயலியில் அது அரை மணி தப்பாகும். தீபகற்பம் எட்டு மணிக்கு மாறியது 1982 ஜனவரி 1ஆம் தேதிதான்.

டாக்கர் இமேஜ் (செயலியையும் அதற்கு வேண்டியதையும் ஒன்றாகக் கட்டிய பொதி) கட்டும்போது எல்லாம் நிறுவப்படுகிறது. ஓட்டினால் இல்லை.

கம்போஸ் கோப்பில் இப்போதைய கோப்புறையை '/ஆப்'பின் மேல் மாட்டியிருப்பீர்கள். சூழலும் '/ஆப்/.வென்வ்'இல் இருந்தால், மாட்டிய கோப்புறை அதன்மேல் பாய் விரித்ததுபோல் மூடிவிடும். சூழலை '/ஆப்ட்/வென்வ்' போல வெளியே வையுங்கள். ரிக்வயர்மென்ட்ஸில் புது வரி சேர்த்தபின் 'டாக்கர் கம்போஸ் அப் --பில்ட்' கொடுத்தீர்களா என்பதையும் பாருங்கள். வெறும் 'அப்' பழைய இமேஜையே எடுக்கும்.

மாட்யூல் இருக்கிறது, 'கேனாட் இம்போர்ட் நேம்' என்றால்?

'பார்ஷியலி இனிஷியலைஸ்ட்' என்ற சொல் சேர்ந்து வந்தால் இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்கின்றன, அல்லது உங்கள் கோப்பே மூல மாட்யூலை மறைக்கிறது. ஒன்றையொன்று கேட்பதென்றால் பொதுவானதை மூன்றாவது கோப்புக்கு எடுங்கள். அந்தச் சொல் இல்லையென்றால் பெரும்பாலும் பதிப்பு மோதல். அடிக்கடி பார்ப்பது: ஃப்ளாஸ்க் சார்ந்திருக்கும் வெர்க்ஸூக் தொகுப்பின் 3.0 வந்தபின் பழைய ஃப்ளாஸ்க் 2.2 'யூஆர்எல்_குவோட்' கிடைக்கவில்லை என்று விழுவது. ஃப்ளாஸ்கை உயர்த்துங்கள், முடியாவிட்டால் வெர்க்ஸூக்கை 3க்குக் கீழே நிறுத்துங்கள்.

தைப்பூச முன்பதிவு திறக்கும் நாளில் இது வரக்கூடாது. ஏற்றுவதற்கு முன் என்ன செய்யலாம்?

ஓடிக்கொண்டிருக்கும் சூழலில் கை வைக்காதீர்கள். பக்கத்திலேயே 'வென்வ்-ஏ', 'வென்வ்-பி' என்று இரண்டு சூழல்கள் வைத்து, சேவைக் கோப்பு 'நடப்பு' என்ற ஒரு சுட்டியைக் காட்டும்படி செய்யுங்கள். புது நிறுவல் ஓய்வில் இருக்கும் சூழலுக்குப் போகட்டும். அங்கே 'பைத்தான் -எம் பிப் செக்' தொகுப்புகளுக்குள் மோதல் இருந்தால் சொல்லும். 'மேனேஜ்.பை செக்' அமைப்புக் கோப்பு, முகவரிப் பட்டியல், அவை தொடும் கோப்புகள் அனைத்தையும் இம்போர்ட் செய்து பார்க்கும். ஃப்ளாஸ்க் என்றால் 'பைத்தான் -சி' கொடுத்துச் செயலிக் கோப்பை ஒரு தடவை இம்போர்ட் செய்யுங்கள். சரியென்றால் சுட்டியை மாற்றி ரீஸ்டார்ட். கோளாறு வந்தால் சுட்டியைத் திருப்பிப் போட அரை நிமிடம்.

இந்தச் சோதனைகளுக்குச் சிக்காத ஒன்று உண்டு: ஃபங்ஷனுக்கு உள்ளே எழுதிய இம்போர்ட். பிடிஎஃப் ரசீது அடிக்கும் தொகுப்பைப் பலர் 'ரெசிட்.பை'யில் அப்படித்தான் உள்ளே தள்ளி எழுதுகிறார்கள். பக்கம் திறக்கும், படிவம் போகும், பணமும் கட்டியாகிவிடும், ரசீதுப் பொத்தானை அழுத்தும்போதுதான் மாட்யூல் இல்லை என்று தெரியும். இடைவெளி விட்டுத் தொடங்கும் இம்போர்ட் வரிகளை 'கிரெப்' கொண்டு தேடி, அந்த ஒவ்வொரு வழியையும் ஒரு முறை கையால் அழுத்திப் பாருங்கள். செலரி வொர்க்கரும் (பின்னணி வேலைகளைச் செய்வது) கிரான் வேலைகளும் (குறித்த நேரத்தில் தானே ஓடுபவை) தனிச் செயல்முறைகள் என்பதால் அவற்றின் பைத்தான் பாதையும் 'நடப்பு'க்கு மாறியிருக்கவேண்டும். செலரியைத் தனியே ரீஸ்டார்ட் செய்யவேண்டும்.